மூன்றாம் தரம்

சம்மதப் படிவத்தின் பின்பக்கம்
ஒரு கழுத்து வரைந்தேன்.
"சுரைக்கா மாதிரி இருக்கு" என்றார் இருதயமேரி.
சுரைக்காய்க்கு நடுவே வண்ணத்துப்பூச்சி, அது தைராய்டு.
பூச்சியின் முதுகுக்குப் பின்னே ஒரு நூல்.
"இது அறுந்தா?"
குரல் போகும்.
"எவ்வளவு போகும்?"
மீன் விலை கேட்கும் அதே கண்.

இருபத்தாறு வருடம்
அக்கரைப்பேட்டை ஏலக்கூடத்தில்
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேலே
விசைப்படகு எஞ்சினுக்கு மேலே
ஏறி நின்ற குரல் அது.

அந்த நரம்பு நேராகப் போகலாம்.
மண்டையோட்டின் அடியிலிருந்து
குரல்வளைக்கு ஒரு சாண்கூட இல்லை.
போகாது.
பக்கத்திலேயே தாண்டி மார்புக்குள் இறங்கி
இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு
மூச்சுக்குழலை ஒட்டித்
திரும்ப மேலேறும்.
கருவில், கழுத்தை விட்டு இதயம் கீழிறங்கியபோது
பிடித்த கையை விடாமல் கூடவே போனதாம்.
இடப்பக்கம்தான் அத்தனை தூரம்.
வலது, பாதியிலேயே திரும்பிவிடும்.

"எங்க கோட்டூர் வாய்க்கால் கதைதான் மேடம்,"
இடுக்கிகளை எண்ணிக்கொண்டே சொன்னாள் நர்ஸ் திலகராணி.
"வாசலை ஒட்டித்தான் ஓடும்.
எங்க வயலுக்கு மட்டும் ஊரெல்லாம் சுத்திட்டுக்
கடைசியாத்தான் பாயும்.
நடுவுல ஒருத்தன் வெட்டுனா போச்சு."

வெட்டுகிறவள் நான்.

தஞ்சாவூரில், முதலாண்டில், பதினோராம் மேசை.
தலை வேறொருத்திக்கு, கழுத்து எனக்கு.
பார்மலின் கண்ணைக் கரித்தது.
கொழுப்பு என்று நினைத்து
நான் பிய்த்துப் போட்டது இதே நரம்பை.
மேசையில் கிடந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாடைக்கு அடியில், கடைசியாகச் சவரம் செய்தவர் தவறவிட்ட
ஐந்தாறு நரைமயிர்.
பெயர் தெரியாது.
எந்தச் சுருதியில் யாரைக் கூப்பிட்டார் என்றும் தெரியாது.
வைவாவில் இந்த நரம்பைத்தான் கேட்டார்கள்.
கடகடவென்று ஒப்பித்தேன்,
நல்ல மதிப்பெண்.

திருவாரூர், இரண்டாம் எண் தியேட்டர்.
செயின் கிடக்கும் சுருக்கத்திலேயே கீறினேன்.
நுங்குத் தோல்போல ஒரு தசை.
அதற்கடியில், நட்ட நடுவில்
ரத்தம் வராத வெள்ளை வரப்பு.
இருபக்கத் தசைகளுக்கும்
பங்காளிச் சண்டை இல்லாத ஒரே இடம்.
கட்டியைப் புரட்டினால் பின்னால்
உளுந்து உளுந்தாக நான்கு சுரப்பிகள்.
தாளடி அறுத்த ஈரத்தில் யாரோ தெளித்துவிட்டுப் போனதுபோல.
தொடாமல் ஒதுக்கினேன்.

நரம்பு எங்கே?
மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டர் வந்தது.
நாற்பது நிமிடம்.
பிறகு தெரிந்தது, ஈரமான வெள்ளை.
அதன் மேல் தலைமுடியாக ஊர்ந்த ஒரு சிவப்பு
அதுதான் நரம்பென்று காட்டிக்கொடுத்தது.
திலகராணியிடம் காட்டினேன்.
"தண்ணி போவுது" என்றாள்.

கண் விழித்ததும் "ஏதாவது பேசுங்க" என்றேன்.
"ஒரு தரம்."
வார்டே சிரித்தது.
"ரெண்டு தரம்."
மூன்றாவது உச்சத்தில் போய் நிற்கவேண்டும்.
கீழேயே உடைந்தது.

மேல்முனையில் இன்னொரு நரம்பு உண்டு.
இதைவிட மெலிசு.
குரலின் கம்பியை இழுத்துக் கட்டுவது அது.
அதை நான் தேடவேயில்லை.
வெட்டினேனா, சூடு பட்டதா, வெறும் வீக்கமா?
குறிப்பேட்டில் வீக்கம் என்று எழுதினேன்.

ஏழாம் வாரம், விடியாத நேரம்,
ஐஸ் லாரிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.
கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.
கத்தவில்லை.
வாங்க வந்தவர்கள் குனிந்து நின்றார்கள்.
எவனோ ஒருவன் எஞ்சினை அணைத்தான்.
ஒரு தரம். ரெண்டு தரம்.
மூன்றாவதுக்கு வாயைத் திறக்காமல்
இரண்டு விரலால் கூடையில் தட்டினார்.

என்னைப் பார்த்துவிட்டார்.
கை கழுத்துக்குப் போனது. திரும்ப வந்தது.
"சங்கரா. கிலோ நானூறு.
டாக்டர்னு கொறைக்க மாட்டேன்."

ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கி
மீதியைச்
சரியாக எண்ணிக் கொடுத்தார்.